கனியக்கா படத்துக்கு ஒரு லென்ஸு

வாங்க தம்பி, வாங்க. மதுரையில இருந்துதான? செருப்பை அங்கனயே விடுங்க. பையை மேஜை மேல வைக்காதீங்க, மொதல்ல துணியை விரிக்கிறேன். இருங்க இருங்க, லென்ஸை வெளிய எடுக்காதீங்க. ஏசி கார்லயா வந்தீங்க? நெனச்சேன். குளிருக்குள்ள இருந்து வந்த கண்ணாடியை இந்த ஊரு வெக்கையில சட்டுன்னு திறந்தா வேர்த்துப்போகும். வேர்வை உள்ள இறங்குச்சுன்னா பூசணத்துக்கு நாமளே பாய் விரிச்ச மாதிரி. அரை மணி நேரம் அது பைக்குள்ளயே கிடக்கட்டும். நாம பேசிக்கிட்டிருப்போம். காபி வரும்.

நீங்க நெனைக்கிறது எனக்குத் தெரியுது. லென்ஸு வாங்குறவன் லென்ஸைப் பாத்தமா, வேணும் வேண்டாம்னு சொன்னமான்னு இல்லாம இந்த ஆளு என்ன உக்கார வச்சுக் கதை பேசுறான்னு. சொல்லி அனுப்பிரலாம். ஆனா இதுக்கு முன்ன லென்ஸு காட்டுனவங்க எல்லாரும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத்தான் போயிருக்காங்க. ஏன் வேண்டாம்னு சொல்றேன்னு தெரியாமப் போனா அப்படித்தான். நீங்க தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. சார் எல்லாம் வேண்டாம், அண்ணாச்சின்னே சொல்லுங்க.

நான் முப்பத்தோரு வருஷம் ஆப்செட் பிரஸ்ல செக்கிங் பாத்தவன். இதே சிவகாசியிலதான். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, எல்லாம். மிஷின்ல இருந்து தாள் வந்து விழும். சின்னப் பூதக்கண்ணாடி ஒண்ணு இருக்கும், அதைக் கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு குனிஞ்சு பாப்பேன். நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தி உக்காரணும். ஒரு மயிரிழை தள்ளி உக்காந்தா முருகருக்கு ரெண்டு உதடு வந்துரும். நீங்க பாத்தாத் தெரியாது. மொதலாளி பாத்தாலும் தெரியாது. மாட்டி வச்சுக் கும்புடுறவனுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும். நிறுத்தும்பேன், மிஷின் நிக்கும். ஒரு தடவை டிசம்பர் நெருக்கத்துல ஒரு லட்சுமி படத்தை லாட்டோட கழிச்சு விட்டேன். மிஷின்மேன் என்னைய அடிக்கவே வந்துட்டான். "யாருண்ணே பூதக்கண்ணாடி வச்சா சாமி கும்புடப்போறான், யாருக்குத் தெரியப்போகுது"ன்னான். தெரியலைன்னா இல்லைன்னு ஆயிருமாடான்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு ஒரு பய பதில் சொல்லலை.

ரிட்டயர் ஆகுற சமயத்துல பிரஸ்ல பழைய கேமரா ரூமைக் காலி பண்ணிக்கிட்டிருந்தாங்க. அந்தக் காலத்துல காலண்டருக்குக் குழந்தைப் படம், கிளிப் படம் எல்லாம் அங்கதான் எடுப்பாங்க. சின்ன மொதலாளி ஒரு கேமராவை எடுத்து என் கையில குடுத்து, "சண்முகவேல் அண்ணாச்சி, உங்க கண்ணுக்கு இதுதான் சரி"ன்னாரு. ஜப்பான் கேமரா. பேட்டரி கிடையாது, எல்லாம் கைவேலை. லென்ஸை மரையில திருகி மாட்டணும். அந்த மரை உங்களுக்குத் தெரியும்ல. ரஷ்யா லென்ஸு, ஜெர்மன் லென்ஸு, ஜப்பான் லென்ஸு, எது வேணும்னாலும் அதுல ஏறும். நாட்டுல இருக்கிற எல்லாக் குப்பையும் ஏறும்னு அர்த்தம். அது அப்ப எனக்கு உறைக்கலை.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பாத்தேன். வீட்டுக்கு வந்து அதுல இருந்த லென்ஸைக் கழட்டி, பின்பக்கம் டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பாத்தேன். கருமம். உள்ள, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல, பூசணம். நார்த்தங்கா ஊறுகாய் ஜாடியைத் திறந்தா மேல வெள்ளையாப் படர்ந்து கிடக்குமே, அதே மாதிரி. உயிரோட இருக்கு தம்பி. கண்ணாடிக்குள்ள குடும்பம் நடத்துது. கையை மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவுனேன். அந்த லென்ஸைப் பாலித்தீன் பையில முடிஞ்சு குப்பை வண்டியில போட்டுட்டேன். தமயந்தி, அதான் எங்க வீட்டுக்காரி, "அதுல பாத்தா நல்லாத்தானங்க தெரிஞ்சுச்சு"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

அந்தச் சமயத்துலதான் கனியக்கா வந்துச்சு.

எனக்கு மூத்தது. ரத்தினக்கனின்னு பேரு. எட்டு வயசு வித்தியாசம். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. சீக்கு இருந்துச்சு, சக்கரை, அப்புறம் கிட்னி. ஆனா வாய்க்கு ஒரு குறையும் இல்லை. சித்திரை மாசம், கொளுத்துற வெயில்ல, மேலத்தெருவுல ஒரு அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்னு போயிட்டு, அங்க இருந்து நேரா இங்க வந்துருச்சு. செருப்பைக்கூடக் கழட்டலை.

"ஏ சம்முகம், அவளை ஆதார் கார்டுல இருக்கிற படத்தைப் பெருசாக்கி மாட்டியிருக்காங்கப்பா. சந்தனப் பொட்டு வச்சு மாலையும் போட்டு. களவாணியைப் பிடிச்சு நிறுத்துன மாதிரி முழிச்சுக்கிட்டிருக்கா. நாப்பது வருஷம் பழகுனவ, எனக்கு அடையாளமே தெரியலை. சீ, பாக்கவே சகிக்கலை. எனக்கும் அதுல காய்ச்சலோட போயி நின்னு எடுத்ததுதான் இருக்கு. ஒரு கண்ணு சொருகிக் கிடக்கும். என்னைய அப்படி மாட்டிராதீங்கப்பா. நீதான் கேமரா வச்சிருக்கேல்ல. எனக்கு ஒரு படம் எடுத்துக் குடு. செவத்துல மாட்டுற படம்."

நான் வாக்குக் குடுத்தேன். எடுத்தா பிலிம்லதான் எடுப்பேன், அதுவும் நல்ல லென்ஸு போட்டுத்தான் எடுப்பேன், நூறு வருஷம் நின்னு பேசும்னு சொன்னேன். அக்காவுக்கு அம்புட்டு சந்தோஷம். மறுநாளே போயி அதுக்குன்னு ஒரு சேலை எடுத்துட்டு வந்து காட்டுச்சு. மாம்பழக் கலரு, அரக்குக் கரை. "இந்தக் கலரை உன் பிலிம் பிடிக்குமா"ன்னு கேட்டுச்சு. கருப்பு வெள்ளையில எடுக்கப்போறேன்க்கான்னு சொன்னேன். மூஞ்சி லேசா சுருங்குச்சு. அப்புறம், "சரி, கட்டிக்கிறது நான்தான"ன்னுட்டுப் போயிருச்சு.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான் இந்தச் சனியன். லென்ஸு தேடுறது.

முகம் எடுக்கிறதுக்கு எண்பத்தஞ்சு எம்.எம்.தான் சரி. ஐம்பது போட்டா மூக்கு முன்னாடி வந்துரும். அதனால எண்பத்தஞ்சு மட்டும் பாக்கிறதுன்னு முடிவு பண்ணேன். வாட்ஸப்புல பழைய லென்ஸு விக்கிறவங்க குரூப்பு இருக்குல்ல, நீங்ககூட அதுல பாத்துத்தான வந்தீங்க. அதுல சேந்தேன். டார்ச் அடிச்ச போட்டோ இல்லாம யாரும் எங்கிட்டப் பேசாதீங்கன்னு எழுதிப் போட்டேன். வந்துச்சு பாருங்க போட்டோ. இம்புட்டு அழுக்கையும் மனுஷன் வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குறான்னு இருந்துச்சு. வெத்தலைக் கறை பட்ட மாதிரி ஒண்ணு. பனி மூடுன மாதிரி ஒண்ணு. வைகாசியில எவனோ அனுப்புனதுல ஓரத்துல வெள்ளையா நூலு மாதிரி வளைஞ்சு ஓடுது. பூசணம்னு ஒரே வார்த்தை எழுதி அனுப்பிட்டேன். அந்த ஆளு பதிலுக்கு என்னமோ எழுதுனாரு, நான் திறந்துகூடப் பாக்கலை. பூசணத்தை விக்கிறவன்கிட்ட என்ன பேச்சு. சென்னையில இருந்து ஒண்ணு கூரியர்ல வந்துச்சு. அதுக்குள்ள செத்த எறும்பு. ஆறு காலும் முழுசா இருந்துச்சு, எண்ணிப் பாத்தேன். அந்தப் பார்சலைத் திருப்பி அனுப்புற வரைக்கும் எனக்கு வீட்டுல சோறு இறங்கலை.

போட்டோவை நம்பிப் பிரயோசனமில்லை, நேர்ல போயிருவோம்னு ஆனியில தூத்துக்குடி போனேன். கப்பல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. பிஸ்கட் டப்பாவுல பாச்சா உருண்டையோட போட்டு வச்சிருந்தாரு. நான் எப்பவும் மொதல்ல மோந்து பாப்பேன். பூசணத்துக்கு ஒரு வாடை உண்டு, மழைக்கு நனைஞ்ச சாக்கு மாதிரி. மோந்தேன். "என்ன அண்ணாச்சி, மீனா வாங்க வந்தீங்க"ன்னு கேட்டாரு. சிரிப்பு வேற. உள்ள ஆறு இலை இருக்கும்ல, கண்ணுப் பாப்பா மாதிரி விரிஞ்சு சுருங்குமே, அது பூராவும் எண்ணெய். அப்பளம் பொரிச்ச எண்ணெய் மாதிரி மினுங்குது. உப்புக் காத்துல முப்பது வருஷம் வச்சிருந்தா அப்படித்தான். வேண்டாம்னு எந்திரிச்சேன். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்கன்னாரு. அந்தக் கையால போட்ட சோத்தை எப்படித் திங்கிறது. பஸ் ஸ்டாண்டுல வாழைப்பழம் தின்னுட்டு வந்துட்டேன்.

அக்கா வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணும். "என்னப்பா, கிடைச்சுச்சா?" இல்லக்கா, பாத்துக்கிட்டிருக்கேன். "பொண்ணு பாக்கப்போனப்பகூட நீ இப்படிப் பாக்கலையேப்பா"ன்னு சொல்லிச் சிரிக்கும்.

ஆடியில கொடைக்கானல் போனேன். ஃப்ளோரா டீச்சர்னு ஒரு அம்மா. வீட்டுக்காரரு படம் எடுக்கிறவரு, தவறி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. அந்த லென்ஸு ஜெர்மனி. உள்ளதைச் சொல்லணும் தம்பி, பூசணம் இல்லை, எண்ணெய் இல்லை, கீறல் இல்லை. பீரோவுல சில்க் துணியில சுத்தி வச்சிருந்துச்சு அந்தம்மா. நானும் டார்ச்சைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பாக்கிறேன். கடைசியில கண்ணாடிக்கு நடுவுல ஒரு குமிழி. கடுகு இருக்குல்ல, அதுல கால்வாசி இருக்கும். நான் அதைக் காட்டுனேன். அந்தம்மா, "அது கண்ணாடி உருக்கும்போதே விழுந்தது சார். இவருக்கு அது தெரியும். அதோடதான் முப்பது வருஷம் எடுத்தாரு"ன்னுச்சு. நான் சும்மா இருக்காம இன்னொரு தடவை டார்ச் அடிச்சேன். வேற ஏதாவது இருக்குமான்னு பாக்கணும்ல. சட்டுன்னு என் கையில இருந்து லென்ஸை வாங்கிருச்சு. "டார்ச்சை அணைங்க சார். அவரு கண்ணை ஆஸ்பத்திரியில டாக்டரு கடைசியாப் பாத்த மாதிரியே பாக்குறீங்க"ன்னு சொல்லிருச்சு. குமிழியைக் குமிழின்னு சொன்னா கோவம் வருது. ஜனங்களுக்கு உண்மை ஆகாது தம்பி.

ஆவணியில கோவில்பட்டி. ஸ்டுடியோ வச்சிருந்தவரு. லென்ஸை எங்கிட்டக் குடுக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணாரு தெரியுமா? ஹான்னு வாயால ஊதி, கட்டியிருக்கிற வேட்டி நுனியைத் தூக்கித் தொடைச்சாரு. என் கண்ணு முன்னாடி. காலையில என்ன தின்னாரோ. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. பின்கண்ணாடி ஓரத்துல ஒரு பூசணம் இருக்கத்தான் செஞ்சுச்சு. நகத்துல பாதிதான். "இது படத்துல விழவே விழாது அண்ணாச்சி, நான் இதுல ஆயிரம் கல்யாணம் எடுத்திருக்கேன், ஒரு வாரம் வச்சு எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு கையில திணிச்சு விட்டுட்டாரு. அக்கா வேற அவசரப்படுத்திக்கிட்டிருந்துச்சு. கர்சீப்புல பிடிச்சு வாங்கிட்டு வந்தேன். ஒரு ரோல் போட்டு சோதிச்சுப் பாப்போம்னு கேமராவுல மாட்டி வச்சேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. பாத்தா அக்கா. அத்தான் கையைப் பிடிச்சு இறக்குறாரு. அத்தான் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, இன்னும் யாரு இறங்குனாலும் கையைப் பிடிச்சு இறக்குவாரு. அக்கா அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வச்சு, மூக்குத்தியைப் புளி போட்டு விளக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கு. "கேமராவுல என்னமோ மாட்டியிருக்கியாம், தமயந்தி சொன்னா. முகம் வீங்க ஆரம்பிச்சிருச்சு சம்முகம். இன்னும் வீங்குறதுக்குள்ள எடுத்துரு"ன்னு சொல்லி, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியில உக்காந்துச்சு.

எடுத்தேன். கேமராவைத்தான். கண்ணுல வச்சுப் பாத்தேன். இந்த ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்துல விழுந்திருக்கு. வீக்கம் தெரியலை. மூக்குத்திக் கல்லு மட்டும் பொறி மாதிரி நிக்குது. அத்தான் வெளிய ஆட்டோக்காரர்கிட்ட என்னமோ வம்பு பேசிக்கிட்டிருந்தாரு, அது காதுல விழுந்து அக்கா அங்கிட்டு லேசாத் திரும்பி, சிரிப்பை அடக்குது. அந்த இடத்துல எல்லாம் சரியா உக்காந்திருச்சு தம்பி. நாலு கலரும் பொருந்துன மாதிரி. எனக்கு இப்பவும் அது அப்படியே தெரியுது. பட்டன் மேல விரலை வச்சேன்.

வச்சதும் அந்த வேட்டி நெனப்பு வந்துருச்சு. அந்த ஹா நெனப்பு. உள்ள உக்காந்திருக்கிற பூசணம். அக்கா முகம் அது வழியாத்தான உள்ள வருது. எனக்குச் சொந்த அக்கா. அவ முகத்தை அந்த அசிங்கத்துல முக்கி எடுத்து நூறு வருஷத்துக்கு மாட்டுறதா? எனக்கு அருவருப்பா இருந்துச்சு. கேமராவை இறக்கிட்டேன்.

"என்னப்பா, எடுத்துட்டியா"ன்னு கேட்டுச்சு. இல்லக்கா, இது வேண்டாம், நல்ல லென்ஸு வரட்டும்னேன். "எடுத்துருப்பா, நான் என்ன சினிமாவுலயா நடிக்கப்போறேன்"னுச்சு. நூறு வருஷம் நிக்கணும்லக்கான்னு சொன்னேன். "அதுக்கு மொதல்ல நான் நிக்கணும்லப்பா"ன்னுச்சு. அப்புறமும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்துச்சு. சக்கரை போடாத காபி குடிச்சுச்சு. போகும்போது தலையில இருந்த பூவை எடுத்து, "நீயாவது வச்சுக்க"ன்னு தமயந்தி தலையில வச்சுட்டுப் போச்சு.

நான் செஞ்சது சரிதான தம்பி? நீங்க லென்ஸு தெரிஞ்சவரு, சொல்லுங்க. தெரிஞ்சே கழிசடையை வச்சு எடுக்க முடியுமா? என்ன, படத்துல தெரிஞ்சிருக்காதா? பாத்தீங்களா, நீங்களும் அந்த மிஷின்மேன் மாதிரியே பேசுறீங்க.

புரட்டாசியில ஆஸ்பத்திரி. ஐப்பசியில, அடைமழையில, அக்கா போயிருச்சு. அந்த மாம்பழக் கலர் சேலையைத்தான் மேல போத்துனாங்க.

அத்தான் வீடு பூராவும் படம் தேடியிருக்காரு. கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு, இருபது வயசுல. அதை மாட்டுனா யாருன்னு தெரியாது. மத்ததுல எல்லாம் கூட்டத்துக்கு நடுவுல பாதி முகம், பந்தியில குனிஞ்ச முகம். கடைசியில பிளக்ஸ் கடைக்காரன்கிட்ட ஆதார் கார்டைக் குடுத்திருக்காரு. அந்தக் காய்ச்சல் படம். பதினாறாம் நாளு போறேன், கூடத்துல மாட்டியிருக்கு. ஒரு கண்ணு சொருகி, உதடு காஞ்சு, தலைமுடி எழும்பி. சந்தனப் பொட்டு, மாலை, எல்லாம். அதைப் பாத்ததும் எனக்கு வந்த கோவம் இருக்கே. துக்கம்கூட அதுக்கு அப்புறம்தான். சட்டைப் பையில எப்பவும் பூதக்கண்ணாடி கிடக்கும், முப்பத்தோரு வருஷப் பழக்கம். மாலையை லேசா விலக்கிட்டு வச்சுப் பாத்தேன். கருமம் தம்பி. கட்டம் கட்டமா உடைஞ்சு கிடக்கு, கன்னத்துல சிவப்பு தூக்கிக்கிட்டு நிக்குது. "அத்தான், இதைப் போயி மாட்டியிருக்கீங்களே, சிவப்பு இவ்வளவு தூக்கலா இருக்கு, யாருமே பாக்கலையா"ன்னு கேட்டேன். கூடத்துல இருந்த சனம் பூராவும் திரும்பிப் பாத்துச்சு.

அத்தான் பக்கத்துல வந்தாரு. என் கையில இருந்து பூதக்கண்ணாடியை வாங்குனாரு. என் சட்டைப் பையிலயே திரும்பப் போட்டாரு. "சாப்பிட்டுட்டுப் போ சம்முகம்"னாரு. அவ்வளவுதான். இன்னையோட நாலு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை பேசலை. பால் பூத்துல எதுக்க வந்தாக்கூட அங்கிட்டுத் திரும்பிக்கிறாரு. இதுதான் என் ஆத்தாமை. நான் என்ன தப்புச் சொன்னேன்? சிவப்பு தூக்கலாத்தான் இருந்துச்சு. அந்தத் தூத்துக்குடிக்காரரு லென்ஸை ஒழுங்கா வச்சிருந்தா இது நடந்திருக்குமா? கோவில்பட்டிக்காரரு வேட்டியில தொடைக்காம இருந்திருந்தா? அந்த டீச்சரம்மா கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா? எல்லாருமாச் சேந்துதான் கனியக்காவை அப்படி மாட்டிட்டாங்க. கோவம் மட்டும் எம்மேல.

காபியைக் குடிங்க, ஆறிரும். தமயந்தி வச்சுட்டுப் போனதைப் பாக்கலையா நீங்க? அவ அப்படித்தான், இப்பல்லாம் சத்தமில்லாம வருவா, சத்தமில்லாமப் போவா.

அவ கதையையும் கேளுங்க. போன மாசம் பீரோ மேல சிலிக்கா பாக்கெட் தேடிக்கிட்டிருந்தேன், இந்த ஈரத்தை உறிஞ்சுமே, அது. கையில செய்தித்தாள்ல சுத்துன பெரிய சட்டம் ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. பிரிச்சுப் பாத்தா தமயந்தி. பஜார்ல செருப்புக் கடைக்கு மாடியில இருக்கே ஒரு ஸ்டுடியோ, அங்க தனியாப் போயி எடுத்துட்டு வந்திருக்கா. பின்னாடி கம்ப்யூட்டர்ல போட்ட ரோஜாத் தோட்டம். முகத்துல இருக்கிற சுருக்கத்தை எல்லாம் அழிச்சு, மைதா மாவு பூசுன மாதிரி ஆக்கி வச்சிருக்கான். அதுல இவ பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டிருக்கா. முப்பத்தாறு வருஷம் கூட இருக்கேன், அந்தச் சிரிப்பை நான் பாத்ததில்லை. செவத்துல மாட்டுற படத்துல யாராவது பல்லைக் காட்டுவாங்களா?

என்னடி இது அசிங்கம்னு கேட்டேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. தலையைத் தூக்கலை. "உங்கள நம்பி நான் சாகக்கூட முடியாதுங்க"ன்னா. சண்டை போடுற குரல்ல சொல்லலை. நாளைக்குக் கரண்டு இருக்காதுன்னு சொல்ற மாதிரி சொன்னா.

அதுக்குத்தான் தம்பி இப்ப திரும்பவும் குரூப்புல எழுதிப் போட்டுத் தேடுறேன். அந்த ரோஜாத் தோட்டத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு, அவளை ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் காட்டணும். பூசணம் இல்லாத லென்ஸுல.

சரி, அரை மணி ஆயிருக்கும். எடுங்க. துணி மேல வைங்க. அந்த டார்ச்சை இப்படிக் குடுங்க.

ம்.

வாடை ஒண்ணும் இல்லை. இலை காஞ்சு சுத்தமா இருக்கு. வளையம் வழுக்கிக்கிட்டுத் திரும்புது, எங்கயும் பிடிக்கலை. முன்கண்ணாடி... கீறல் இல்லை. பின்னாடி... இருங்க, இந்தப் பக்கம் திருப்புறேன். ஓரம். அந்த ஓரம். நடு.

தம்பி, இதுல ஒண்ணுமே இல்லை.

இம்புட்டு நாளா எங்க வச்சிருந்தீங்க இதை? சித்திரையில இருந்து நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். தூத்துக்குடி, கொடைக்கானல்னு. உங்களை மாதிரி ஒரு ஆளு மதுரையில உக்காந்துக்கிட்டு, ஒரு வார்த்தை...

என்னது? எனக்கா? எப்ப?

வைகாசியிலயா?

போனைக் கொண்டாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிறேன், இருங்க. ஆமா. என் நம்பர்தான். இந்தா இருக்கு போட்டோ, இந்தா ஓரத்துல அந்த வெள்ளை நூலு. பூசணம்னு நான்தான் எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ நீங்க எழுதுனது... "அண்ணாச்சி, அது எங்க வீட்டு டியூப்லைட் நிழல். கண்ணாடி வளைவுல அப்படி விழுது. சிவகாசி பக்கம்தான, நாளைக்கே நேர்ல கொண்டாந்து காட்டுறேன்." வைகாசி. அக்கா முகம் வீங்காத நேரம்.

டியூப்லைட். தெரியும் தம்பி, வளைஞ்ச கண்ணாடியில டியூப்லைட் வளைஞ்சுதான் தெரியும். அது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நான் சொல்லலை.

தமயந்தி. ஏ தமயந்தி. இங்க வா. அந்த நீலச் சேலையைக் கட்டிட்டு வந்து இந்த நாற்காலியில ஒரு நிமிஷம் உக்காரு. தம்பி, நீங்க கொஞ்சம் எந்திரிச்சு அங்கிட்டு உக்காருங்க.

கேட்டுச்சா, என்ன சொல்றா? எனக்குத்தான் எடுத்தாச்சேங்கிறா. அவுகளைக் காபி குடிக்கச் சொல்லுங்கங்கிறா.

நீங்க உக்காருங்க தம்பி. எங்க போறீங்க, உக்காருங்க. டார்ச் எங்க? இதுல வேற பேட்டரி போடணும், வெளிச்சம் பத்தலை. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. இன்னொரு தடவை பாத்துக்கிடுறேன். முப்பத்தோரு வருஷம் பாத்த கண்ணு, தப்பாகாது. இல்லாம இருக்காது தம்பி. உள்ள எங்கயோ ஒரு மூலையில ஒரு பொட்டாவது இருக்கும். இருந்தே ஆகணும்.